உள்ளேயே இருந்தது இப்போது ஏன் கடிக்கிறது?

நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவதைக் கேட்டால் எனக்கு மனது ஒப்புவதில்லை. தயிர் விளம்பரத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். மருந்துக் கடையில் புரோபயாட்டிக் கேப்ஸ்யூலைக் கையில் கொடுக்கும்போதும் அதையேதான் சொல்கிறார்கள். நான் வேலூர் தோட்டப்பாளையம் பக்கம் ஒரு லேபில், நோயாளியின் மாதிரியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலையில் இன்குபேட்டரைத் திறந்து தட்டுகளை எடுத்து, எதில் என்ன வளர்ந்திருக்கிறது என்று பார்த்து, பெயர் போட்டு, எந்த மருந்துக்கு அடங்கும் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. அப்படி நான் எழுதும் பெயர்களில் பெரும்பாலானவை, இந்த ஊரில் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் மனிதர்களின் குடலில் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருப்பவை. ஈ கோலை, கிளெப்சியெல்லா, என்டிரோகாக்கஸ். ரிப்போர்ட்டில் வந்தால் கெட்டது, வராதவரை நல்லது என்றா வைத்துக்கொள்வது? இந்தக் கேள்வி பாடப் புத்தகத்திலிருந்து எனக்கு வரவில்லை. ஒரு ஆயா கேட்டு வந்தது.

அன்று தட்டில் வளர்ந்திருந்தது என்டிரோகாக்கஸ் ஃபீக்காலிஸ். மூத்திரக் கல்ச்சர் போடும் சி.எல்.இ.டி. என்ற ஊட்டக்கூழ்த் தட்டு நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் இருக்கும். ஈ கோலை வளர்ந்தால் பெரிய காலனிகள் பரவி, தட்டே மஞ்சளாகிவிடும். என்டிரோகாக்கஸ் அப்படி ஆர்ப்பாட்டம் செய்யாது. ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம், சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகள். கண்ணாடி ஸ்லைடில் ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு வைத்து, குச்சியால் காலனியைத் தொட்டுக் கலந்து பார்ப்போம். ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவாக இருந்தால் உடனே நுரை பொங்கும். என்டிரோகாக்கஸாக இருந்தால் ஒன்றும் நடக்காது. சொட்டு அப்படியே கிடக்கும். பைல் எஸ்குலின் என்ற சோதனைக் குழாயில் போட்டு வைத்தால் மறுநாள் குழாய் கருத்திருக்கும். இவ்வளவும் பார்த்துவிட்டுத்தான் பெயர் எழுதினேன்.

ரிப்போர்ட்டை வாங்க வந்தவர் நோயாளியின் மனைவி. ஒடுகத்தூரைத் தாண்டி ஒரு கிராமம். தாத்தாவுக்கு மூத்திரக் குழாய் வைத்திருக்கிறார்கள். காய்ச்சலும் எரிச்சலும் விடவில்லை. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ரிப்போர்ட்டை மடித்து மஞ்சப்பையில் வைப்பதற்கு முன் நிறுத்திக் கேட்டார்: "இந்தக் கிருமி எங்கேர்ந்து கண்ணு வந்திச்சி? தண்ணிலேர்ந்தா?" நான் சொன்னேன்: "வெளியே இருந்து வரல ஆயா. எல்லார் குடல்லயும் இருக்கறதுதான். தாத்தாவோட குடல்ல இருந்துதான் மூத்திரப் பைக்குப் போயிருக்கு." ஆயா ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "அப்போ இத்தினி வருசமா உள்ளதான் கீதா? இத்தினி வருசம் சும்மா கெடந்தது, இப்ப ஏன் கடிக்கணும்?"

குடலில் இருக்க வேண்டியது இடம் மாறிப் போனதால் நோய் வந்தது என்றேன். அது சரியான பதில்தான், பாடத்தில் உள்ளதும் அதுதான். ஆனால் ஆயா கேட்டது அதில் பாதிதான் அடங்கியது. இடம் மாறியது எப்போது, ஏன்? அதைவிட முக்கியமாக, இத்தனை வருடம் உள்ளே சும்மா கிடந்ததா, இல்லை ஏதாவது செய்துகொண்டிருந்ததா? இந்த இரண்டாவது கேள்வி என்னை விடவே இல்லை. கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

புழுவுக்குள் நடந்தது

படித்ததில் என்னை நிறுத்தி வைத்தது ஒரு கட்டுரை. 2016இல் வெளியானது. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த கெய்லா கிங்கும் அவருடைய குழுவினரும் செய்த சோதனை. சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்று ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு உண்டு; உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் வளர்க்கிறார்கள். அந்தப் புழுவுக்குள் என்டிரோகாக்கஸ் ஃபீக்காலிஸைக் குடியேற்றினார்கள். ஆமாம், அதே ஃபீக்காலிஸ்தான். புழுவுக்கு அது கொஞ்சம் தொந்தரவு தரும், பெரிதாக அல்ல. கூடவே ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸையும் உள்ளே விட்டார்கள். அது புழுவைக் கொல்லும். நான் தினமும் ஒரு சொட்டு பெராக்சைடால் பிரித்து வைக்கும் அந்த இரண்டு பேரும் ஒரே புழுவின் வயிற்றுக்குள். பிறகு புழுவிலிருந்து ஃபீக்காலிஸை எடுத்துப் புதிய புழுக்களுக்குள் விட்டு, மறுபடியும் ஆரியஸை உள்ளே அனுப்பி, இப்படிச் சுற்றுச் சுற்றாக நடத்தினார்கள்.

தனித்தனியாக ஆறு கூட்டங்களை வளர்த்தார்கள். ஆறிலும் ஒரே முடிவு. லேசாக நோய் தந்துகொண்டிருந்த ஃபீக்காலிஸ், சில சுற்றுகளுக்குள் புழுவைக் காப்பாற்றும் பாக்டீரியாவாக மாறிவிட்டது. ஆரியஸைக் கொல்லும் சூப்பர் ஆக்சைடு என்ற பொருளை அது முன்பைவிட அதிகமாகச் சுரக்கத் தொடங்கியிருந்தது. சோதனையில் பயன்படுத்திய ஆரியஸிடமிருந்து மட்டுமல்ல, வேறு பல ஆரியஸ் ரகங்களிடமிருந்தும் அந்தப் புழுக்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது.

இதில் ஒரு வரியை நான் பல முறை படித்தேன். புழுவின் நலத்துக்காக யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. எந்தப் புழு நன்றாக இருக்கிறது என்று பார்த்து அதிலிருந்து பாக்டீரியாவை எடுக்கவில்லை. ஃபீக்காலிஸுக்கு இருந்த ஒரே நெருக்கடி, அதே வயிற்றுக்குள் இடம் பிடிக்க வந்த ஆரியஸ். அதை எதிர்த்து நின்றவை பிழைத்தன, அடுத்த புழுவுக்குப் போயின. புழு பிழைத்தது அந்தச் சண்டையின் பக்கவிளைவு. பாசமும் இல்லை, நன்றியும் இல்லை. இருந்தும் விளைவு காவல்தான்.

எனக்கு நல்லது கெட்டது என்ற அந்தப் பிரிவினை நொறுங்கிய இடம் இது. நான் ரிப்போர்ட்டில் நோய்க்காரணி என்று எழுதிக் கையெழுத்துப் போடும் அதே இனம், வேறொரு உடலுக்குள், வேறொரு எதிரியின் முன்னால், காப்பாற்றும் உயிராக மாறுகிறது. காப்பது என்பது அந்தக் கிருமியின் பிறவிக் குணம் இல்லை. எந்த உடல், எந்த எதிரி, அங்கிருந்து அடுத்த உடலுக்குப் போக என்ன வழி என்ற நிலைமையிலிருந்து பிறப்பது. நிலைமை மாறினால் காவலும் மாறும். அப்படியென்றால் நாம் பார்த்துப் பார்த்துப் பேண வேண்டியது எந்தக் கிருமியையும் அல்ல, அந்த நிலைமையைத்தான். இதை நான் இப்போது உறுதியாக நம்புகிறேன்.

அந்தக் குழு அதோடு நிறுத்தவில்லை. அதே 2016இல் வந்த இன்னொரு ஆய்வில் ஆரியஸின் பக்கத்தைப் பார்த்தார்கள். ஆரியஸ் உடலுக்குள் இரும்புச் சத்தைப் பிடித்து இழுக்க சிடரோஃபோர் என்ற பொருளை வெளியே விடும். ஃபீக்காலிஸ் அந்தச் சிடரோஃபோரைத் தன் உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டது. விட்டால் எதிரிக்கு லாபம் என்றானதும் ஆரியஸ் சிடரோஃபோர் சுரப்பதையே குறைத்துக்கொண்டது. அதைக் குறைத்ததில் ஆரியஸின் வீரியமும் குறைந்தது. 2018இல் புழுவையும் ஃபீக்காலிஸையும் சேர்ந்தே பரிணமிக்க விட்டார்கள். இரண்டு பக்கமும் ஒன்றால் ஒன்று பலன் பெறும் உறவாக அது மாறியது. மூன்று உயிர்கள், மூன்றும் ஒன்றையொன்று பார்த்து மாறுகின்றன. நாம் லேபில் ஒரு நாள் காலையில் ஒரு தட்டைப் பார்த்துப் பெயர் எழுதுகிறோம். அந்த ஓட்டத்தில் ஒரு கணத்தைத்தான் நாம் பார்க்கிறோம்.

காவலுக்கும் செலவு உண்டு

புழு ஆய்வுக்கூடத்துப் பிராணி, வெளியில் அப்படி நடக்குமா என்று கேட்கலாம். நடக்கிறது. நம் பக்கத்து அவரைக் கொடியில், காராமணியில், மணிலாக் கொல்லையில் அசுவினி அப்புவதைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். அந்த அசுவினியின் உறவுக்காரப் பூச்சி, மேல்நாடுகளில் பட்டாணிச் செடியில் வருவது. அதற்கு ஒரு எதிரிக் குளவி உண்டு. குளவி அசுவினியின் உடலுக்குள் முட்டை வைத்துவிடும்; குளவிப் புழு உள்ளிருந்தே தின்று வளரும்; அசுவினி வெறும் கூடாகிவிடும். ஆனால் சில அசுவினிகளுக்குள் முட்டை பொரிந்தாலும் புழு வளர்வதில்லை. ஹாமில்டனெல்லா டிஃபென்சா என்ற பாக்டீரியா அவற்றுக்குள் குடியிருப்பதுதான் காரணம் என்று 2003இல் காட்டினார்கள். தாயிடமிருந்து குட்டிக்குப் போகும் பாக்டீரியா அது. பிறகு இன்னொன்றும் தெரிந்தது: குளவிப் புழுவைக் கொல்லும் நஞ்சுக்கான மரபணு பாக்டீரியாவுடையதே இல்லை, பாக்டீரியாவுக்குள் தங்கியிருக்கும் ஒரு வைரஸுடையது. அந்த வைரஸ் போய்விட்டால் பாக்டீரியா இருந்தும் பாதுகாப்பு இல்லை. பூச்சிக்குள் பாக்டீரியா, பாக்டீரியாவுக்குள் வைரஸ், மூன்றும் சேர்ந்து குளவிக்கு எதிராக நிற்கின்றன.

அப்புறம் ஏன் எல்லா அசுவினிக்கும் அது இல்லை? எனக்கு உடனே வந்த கேள்வி இது, ஆய்வாளர்களுக்கும் வந்திருக்கிறது. குளவி உள்ள கூண்டில் ஹாமில்டனெல்லா உள்ள அசுவினிகள் தலைமுறைக்குத் தலைமுறை பெருகின. குளவியே இல்லாத கூண்டில் அவை குறைந்துகொண்டே வந்தன. காவலாளி உள்ளே சாப்பிடுகிறான், இடம் எடுத்துக்கொள்கிறான். எதிரி இல்லாத நாளில் அவன் வெறும் செலவு. எதிரி இருக்கும் நாளில் அவன் இல்லாமல் உயிரே இல்லை. குளவிகளும் சும்மா இருப்பதில்லை. காவல் உள்ள அசுவினிகளின் மேலேயே பல தலைமுறை வளர்த்த இன்னொரு வகைக் குளவி, அந்தக் காவலைத் தாண்டிப் பிழைக்கக் கற்றுக்கொண்டது.

இதைவிட என்னை அசைத்தது ஒரு காட்டு ஈயின் கதை. டிரோசோஃபிலா நியோடெஸ்டேசியா, வட அமெரிக்கக் காடுகளில் காளான் தின்று வாழும் ஈ. ஒரு ஒட்டுண்ணிப் புழு பெண் ஈக்களுக்குள் புகுந்து அவற்றை மலடாக்கிவிடும். ஸ்பைரோபிளாஸ்மா என்ற பாக்டீரியா உள்ள ஈக்களோ புழு புகுந்தாலும் முட்டையிடுகின்றன. ஜான் ஜெய்னிக்கின் குழு பழைய சேகரிப்பில் இருந்த ஈக்களையும் புதிதாகப் பிடித்த ஈக்களையும் ஒப்பிட்டு 2010இல் எழுதினார்கள்: 1980களில் கிழக்குப் பகுதியில் பத்தில் ஒரு ஈயிடம் இருந்த பாக்டீரியா, 2008இல் பத்தில் எட்டிடம் இருந்தது. மேற்கு நோக்கியும் பரவிக்கொண்டிருந்தது. பரிணாமம் என்றால் கோடி வருடக் கணக்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்துக்குள் ஒரு கண்டத்து ஈக்கள் தங்கள் எதிரியை எதிர்க்கும் விதத்தை மாற்றிக்கொண்டுவிட்டன. அதுவும் தங்கள் மரபணுவில் எதையும் மாற்றிக்கொள்ளாமல், தாய் தரும் ஒரு பாக்டீரியாவால்.

வேலூரிலேயே கிடைத்த ஒரு பெயர்

மனிதருக்கு வருவோம். இந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் போக முடியாது. 1960களின் தொடக்கத்தில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் டிராப்பிக்கல் ஸ்ப்ரூ என்ற குடல் நோய் கொள்ளைநோய் மாதிரி வந்தது. விடாத பேதி, சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் ஆள் இளைத்துக் கரைவது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யின் செல்வின் பேக்கரும் வி.ஐ. மத்தானும் கிராமம் கிராமமாகப் போய் அதைப் படித்தார்கள். அந்த நோயில் சிறுகுடலில் இருக்க வேண்டியதைவிட அதிகமாகப் பாக்டீரியா வளர்ந்திருக்கும். டெட்ராசைக்கிளின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் ஃபோலிக் ஆசிட் வைட்டமினும் கொடுத்தால் பலருக்குக் குணமாகும். இதுவரை கேட்டால் சிறுகுடலில் பாக்டீரியா இருப்பதே கேடு என்றுதான் தோன்றும்.

ஆனால் அதே வேலூர்க் குழு 1980இல் நேச்சர் இதழில் எழுதியது வேறு. நலமாக உள்ள தென்னிந்தியர்களின் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் பி12 வைட்டமினைத் தயாரிக்கின்றன என்று காட்டினார்கள். கறி, மீன் அதிகம் சாப்பிடாதவர்கள் பி12 குறைபாட்டில் விழாமல் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்ற கேள்விக்கு அது ஒரு விடை. பி12 உடலில் ஏறுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். பெருங்குடலில் தயாரானால் பயனில்லை, அதற்கு மேலே தயாரானால் உண்டு. அந்த வேலையைச் செய்யக்கூடியவை என்று அவர்கள் சொன்ன இரண்டு வகை எவை தெரியுமா? சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா. ஐ.சி.யு. ரிப்போர்ட்டில் நான் இந்தப் பெயர்களை எழுதினால் டாக்டரே ஃபோனில் கூப்பிடுவார். நான் வேலை பார்க்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் நடந்த ஆய்வு இது, நான் அதைப் படித்தது வேலைக்குச் சேர்ந்து வெகுகாலத்துக்குப் பிறகு. நம் ஊர்ப் பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

காவலைத் தாய் கொடுக்கிறாள் என்பது அசுவினிக்கும் ஈக்கும் மட்டும் அல்ல. தாய்ப்பாலில் லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக அதிகம் இருப்பது ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலிகள். நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்கள். வியப்பு என்னவென்றால், குழந்தையால் அவற்றைச் செரிக்க முடியாது. தாயின் உடம்பு பாடுபட்டுத் தயாரித்த பொருள் குழந்தைக்குச் சாப்பாடே இல்லை. அது பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபன்டிஸ் என்ற பாக்டீரியாவுக்கான சாப்பாடு. அந்தப் பாக்டீரியாவிடம் அந்தச் சங்கிலிகளை உள்ளே இழுத்து உடைப்பதற்கென்றே ஒரு மரபணுத் தொகுப்பு உள்ளது. உடைத்து அமிலமாக்குகிறது, அந்த அமிலத்தில் பேதிக் கிருமிகள் பல நிற்பதில்லை. பால் சுரக்கும் உடம்பும் பாலைத் தின்னும் பாக்டீரியாவும் ஒன்றுக்கொன்று ஏற்றபடி மாறி வந்திருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை. சீம்பாலைக் கறந்து கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கும் வழக்கத்தை இன்னும் சில வீடுகளில் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

பிஃபிடோ போன்ற ஒன்றை வெளியிலிருந்து கொடுத்தால் பலன் இருக்குமா? ஒரு இடத்தில் இருந்தது. ஒடிசாவின் 149 கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த சோதனை, 2017இல் வெளியானது. பிறந்த சில நாளிலேயே தொடங்கி ஏழு நாள், லாக்டோபேசிலஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியாவும் அது தின்னும் ஒரு சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். செப்சிஸ் என்ற, உடல் முழுக்கப் பாதிக்கும் கடும் தொற்றோ மரணமோ நேர்ந்த குழந்தைகள், போலி மருந்து கொடுத்த பக்கம் 9 சதவீதம், இந்தப் பக்கம் 5.4 சதவீதம். மிகப் பெரிய வித்தியாசம். ஆனால் கவனித்தால் அங்கே எல்லாம் கூடி வந்திருந்தன: குடலில் யாரும் நிலையாகக் குடியேறாத வயது, தாய்ப்பால், கூடவே கொடுத்த தீனி. அதையே காரணம் காட்டி ஐம்பது வயதுக்காரர் எதையாவது வாங்கி விழுங்குவதற்கு நான் ஆதரவு சொல்ல மாட்டேன்.

கிருமியை மட்டும் கொன்றால் போதுமா என்ற கேள்விக்கும் வேலூரில் ஒரு விடை கிடைத்தது. போலியோ சொட்டு மருந்து நம் குழந்தைகளுக்குச் சரியாகப் பிடிக்காததற்குக் குடலில் உள்ள நோய்க்கிருமிகள் காரணமாக இருக்கலாம் என்று நினைத்து, சொட்டு மருந்துக்கு முன் மூன்று நாள் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய்க்கிருமிகள் குறைந்தன. ஆனால் சொட்டு மருந்து முன்பைவிட நன்றாகப் பிடிக்கவில்லை. 2016இல் வந்த முடிவு அது.

மஞ்சப்பையில் இருந்த அட்டை

ஆயா அடுத்த முறை வந்தபோது நான் ஒன்று கேட்டேன்: இதற்கு முன்னால் தாத்தாவுக்கு என்ன மாத்திரை கொடுத்தீர்கள்? மஞ்சப்பைக்குள் கையை விட்டு ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். செஃபிக்சிம் 200. எட்டுக் குழி காலி, இரண்டு மாத்திரை பாக்கி. "காய்ச்சல்னு மெடிக்கல்ல கேட்டு வாங்கினோம். கொஞ்சம் தேவலையாச்சி, நிறுத்திட்டோம். மிச்சம் கீது, மறுபடி வந்தா குடுக்கலாம்னு." சீட்டு இல்லாமல் வாங்கியது, காய்ச்சல் எதனால் என்றே தெரியாமல் கொடுத்தது.

செஃபிக்சிம் செஃபலோஸ்போரின் என்ற ஆன்டிபயாட்டிக் வகையைச் சேர்ந்தது. என்டிரோகாக்கஸுக்கு அந்த வகை மருந்துகள் எதுவும் இயல்பிலேயே வேலை செய்யாது. ரிப்போர்ட் அடிக்கும்போது அதற்கு நேராக செஃபலோஸ்போரினைச் சோதிக்கவே மாட்டோம். ஆக அந்த மாத்திரை, குடலில் என்டிரோகாக்கஸோடு சேர்ந்து வாழ்ந்த ஈ கோலை போன்றவற்றைக் குறைத்தது, என்டிரோகாக்கஸைத் தொடவில்லை. வேலூர் பஸ் ஸ்டாண்டில் திருவண்ணாமலை வண்டியில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தவர்கள் எல்லாரும் திடீரென்று இறங்கிவிட்டால், நின்றுகொண்டிருந்தவர் என்ன செய்வார்? இந்த விஷயம் இன்று நேற்றுத் தெரிந்தது அல்ல. 1954இல் எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரண எலிக்கு நோய் வர ஒரு லட்சம் சால்மோனெல்லாக் கிருமி தேவைப்பட்டது. மருந்து கொடுத்த எலிக்குப் பத்துக்கும் குறைவு போதுமாக இருந்தது.

காலி இடம் மட்டும் காரணம் அல்ல என்பது 2008இல் தெரிந்தது. அதுதான் எனக்கு ஆயாவின் கேள்விக்கு மிக நெருங்கி வந்த விடை. எலிக் குடலின் சுவர் ரெக்3காமா என்ற ஒரு புரதத்தைச் சுரக்கிறது. பாக்டீரியாக்களை அவற்றின் உறையைப் பொறுத்து, கிராம் என்ற சாயச் சோதனையால் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று இரண்டாகப் பிரிப்போம். என்டிரோகாக்கஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவை அது கொல்லும். அந்தப் புரதத்தைச் சுரக்கும்படி சுவருக்குத் தெரிவிப்பது யார்? குடலில் உள்ள ஈ கோலை போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்கள். ஆன்டிபயாட்டிக் கொடுத்து அவற்றைக் குறைத்ததும் சுவர் அந்தப் புரதத்தைச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டது, என்டிரோகாக்கஸ் பெருகியது. கிராம் நெகட்டிவ்களின் மேலுறையில் உள்ள எல்.பி.எஸ். என்ற பொருளை மட்டும் வாய்வழியாகக் கொடுத்தபோது புரதம் மறுபடி சுரந்தது. உடம்பு தன் காவலில் ஒரு பகுதியைக் குடியிருப்பவர்களின் கையில் ஒப்படைத்திருக்கிறது. அவர்கள் என்றும் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில், எத்தனையோ ஆயிரம் தலைமுறையாக.

அதனால் ஆயாவிடம் நான் சொன்னது இதுதான்: "உள்ள இருந்தது சும்மா இருக்கல ஆயா. அதச் சுத்தி இருந்த மத்த கிருமிங்கதான் அத அடக்கி வச்சிருந்தது. நீங்க குடுத்த மாத்திரை அதுங்களக் கொன்னுடுச்சி, இத விட்டுடுச்சி." தாத்தாவுக்கு வந்ததற்கு இது மட்டுமே காரணம் என்று அறுதியிட்டு யாரும் சொல்ல முடியாது, குழாய் வைத்த மூத்திரப் பைக்கு வேறு காரணங்களும் உண்டு, அதையும் சொன்னேன். ஆயா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ இத இன்னா பண்றது?" என்று கேட்டு, மீதி இருந்த இரண்டு மாத்திரையையும் என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். பழைய சோறு சாப்பிட்டால் இதெல்லாம் திரும்பிவிடுமா என்றும் கேட்டார். நல்ல சாப்பாடு, சாப்பிடுங்கள் என்றேன். ஆனால் அதில் உள்ள பாக்டீரியாக்கள் பெரும்பாலும் வந்து போகிறவை, குடியேறுபவை அல்ல.

இனி வெயில் என்ன செய்யும்

இப்போது நான் கவனித்து வருவது கொசுவை. டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்டியில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா இயற்கையில் இல்லை. பழ ஈயில் உண்டு. பழ ஈக்குள் அது வைரஸை அடக்குகிறது என்று 2008இல் கண்டார்கள். பழ ஈயின் வோல்பாக்கியாவை ஏடிஸுக்குள் குடியேற்றி இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் விட்டபோது டெங்கு 77 சதவீதம் குறைந்தது. 2021இல் அந்த முடிவு வந்தது. புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம் நம் ஊர்க் கொசுவிலேயே வோல்பாக்கியா உள்ள வகைகளை உருவாக்கியிருக்கிறது. இதுவும் தாய் வழியாகத்தான் போகும். வோல்பாக்கியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரியாது. அதனால் வோல்பாக்கியா உள்ள பெண்களின் வம்சம்தான் பெருகும். கொசுவுக்கு டெங்குவிலிருந்து பாதுகாப்பு தருவது அதன் நோக்கமே இல்லை. தன்னைப் பரப்பிக்கொள்வதில் நமக்குக் கிடைக்கும் லாபம் அது.

எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது, கூடவே கவலையும். பழ ஈயிலிருந்து வந்த வாமெல் என்ற ரகம் வெப்பம் தாங்காது. ஒரு நாளுக்குள் 26 டிகிரியிலிருந்து 37 டிகிரி வரை ஏறி இறங்கும் நீரில் கொசுப் புழுக்களை வளர்த்தபோது அவற்றுக்குள் வாமெல் வெகுவாகக் குறைந்துபோனது. ஆசியப் புலிக் கொசுவிலிருந்து எடுத்த வால்பி ரகம் அதைவிட நன்றாகத் தாங்கியது. வேலூரில் கத்திரி வெயிலில் மொட்டை மாடி பிளாஸ்டிக் டிரம்மில் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு 37 என்பது பெரிய எண் அல்ல என்று தெரியும். இங்கே தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாததால் டிரம்மும் தொட்டியும் இல்லாத வீடு இல்லை. ஏடிஸ் வளர்வதும் அதில்தான். டெங்கு வைரஸும் சும்மா இருக்கப்போவதில்லை, குளவி சும்மா இருக்கவில்லை. இந்த மாவட்டத்தில் வோல்பாக்கியாக் கொசுவை விடும் நாள் வந்தால் நான் முதலில் கேட்கப்போவது எந்த ரகம் என்பதை. அடுத்து, மே மாதத்தில் கஸ்பா, சைதாப்பேட்டை மாடித் தொட்டிகளிலிருந்து புழு எடுத்துச் சோதிக்க யாரை வைத்திருக்கிறார்கள் என்பதை. ஆள் தேவைப்பட்டால் நானே போகத் தயார்.